சிறிய விமானங்கள் ஏன் விழுகின்றன?

"சாலையில் போவதைவிட விமானத்தில் போவது பாதுகாப்பானது" என்று கேள்விப்படாதவர்கள் இருக்க முடியாது. விமான நிலையத்துக்குக் காரில் போகும் தூரம்தான் மொத்தப் பயணத்திலேயே ஆபத்தான பகுதி என்றும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எந்த விமானத்துக்கு இது உண்மை? டிக்கெட் வாங்கி ஏறுகிற பெரிய பயணிகள் விமானத்துக்கு. இரண்டு விமானிகள், தரையில் வழிகாட்ட ஒரு குழு, பழுது பார்க்க ஒரு குழு, எப்போது பறக்கக் கூடாது என்று சொல்ல ஒரு தடித்த விதிப்புத்தகம். இத்தனையும் சேர்ந்த ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெருமை.

இன்னொரு வகைப் பறத்தலும் இருக்கிறது. ஒற்றை இன்ஜின், இரண்டு அல்லது நான்கு இருக்கைகள், ஓட்டுபவர் பெரும்பாலும் ஒருவரே. வார இறுதியில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போக, நண்பரின் திருமணத்துக்குப் போக, சும்மா ஆசைக்கு ஒரு சுற்றுச் சுற்றி வர. இந்தப் பழக்கம் வேறெங்கும்விட அமெரிக்காவில்தான் பெரிதாக வளர்ந்தது. அங்கே இத்தகைய சிறு விமானங்களில், சுமார் ஒரு லட்சம் மணி நேரப் பறத்தலுக்கு ஒரு உயிரிழப்பு விபத்து என்ற கணக்கை ஒட்டியே நிலைமை பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. பயணிகள் விமானத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. மோட்டார் சைக்கிளோடு ஒப்பிடுவதுதான் பொருத்தம் என்பார்கள்.

ஏன் இப்படி? வழியில் போகிறவரைக் கேட்டால், "இன்ஜின் நின்றுவிட்டால் கல் மாதிரி விழுந்துவிடுமே" என்பார். விமானியைக் கேட்டால், "கவனமில்லாதவர்கள்தான் விழுகிறார்கள், நான் கவனமானவன்" என்பார். இரண்டு பதில்களுமே தவறான இடத்தைக் கைகாட்டுகின்றன. நூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினால் இது தெளிவாகத் தெரிகிறது.

சாவைப் பார்க்க வந்த கூட்டம்

1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் முதன்முதலில் பறந்தார்கள். ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள், 1908 செப்டம்பர் 17 அன்று, வாஷிங்டனுக்கு அருகே ஃபோர்ட் மையர் என்ற இடத்தில் ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தின் புரொப்பெல்லர் உடைந்தது. கூட இருந்த ராணுவ அதிகாரி தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்துபோனார். இன்ஜின் பொருத்திய விமான விபத்தில் இறந்த முதல் மனிதர் அவர்தான். இது முழுக்க இயந்திரக் கோளாறு. "விமானம் என்றால் உடையும், விழும்" என்ற பயம் மக்கள் மனதில் பதிந்த காலம் இது. அந்தக் காலத்துக்கு அது நியாயமான பயமும்கூட.

ஆனால் சீக்கிரமே இன்னொரு விஷயம் சேர்ந்துகொண்டது. கூட்டம்! லிங்கன் பீச்சி என்ற விமானி 1911-ல் நயாகரா நீர்வீழ்ச்சிக்குக் கீழே உள்ள பாலத்தின் அடியில் நுழைந்து பறந்து காட்டினார். அவர் எங்கே போனாலும் பல்லாயிரம் பேர் கூடினார்கள். அவரைப் போலச் செய்யப் போன சக விமானிகள் ஒவ்வொருவராக இறந்தார்கள். தான் சாவதைப் பார்க்கத்தான் ஜனங்கள் வருகிறார்கள் என்று வெறுத்துப்போய் 1913-ல் பறப்பதையே விட்டார் பீச்சி. சில மாதங்கள்தான். மறுபடி வந்துவிட்டார். 1915 மார்ச் 14 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ பொருட்காட்சியில், செங்குத்தாகப் பாய்ந்து வந்த விமானத்தை அவர் நிமிர்த்த முயன்றபோது இறக்கைகள் முறிந்தன. பெருங்கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, விமானம் கடலில் விழுந்தது.

இது இயந்திரத்தின் தவறா, மனிதனின் தவறா? இறக்கை முறிந்தது உண்மை. அந்த இறக்கை தாங்கக்கூடியதற்கு மேல் அவர் அதனிடம் கேட்டார் என்பதும் உண்மை. ஏன் கேட்டார்? கீழே கூட்டம் நின்றது.

முதல் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் வைத்திருந்த 'ஜென்னி' ரகப் பயிற்சி விமானங்கள் அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்டன. வேலையில்லாத விமானிகள் அவற்றை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வயலில் இறங்குவது, காசு வாங்கிக்கொண்டு ஊர்க்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவது, இறக்கை மேல் நடப்பது என்று சர்க்கஸ் மாதிரி நடத்தினார்கள். இறக்கையில் நடப்பதில் பேர் போன ஓர்மர் லாக்லியர் 1920 ஆகஸ்ட் 2 அன்று சினிமாப் படப்பிடிப்பில் விழுந்து இறந்தார். விமானி உரிமம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்ணான பெஸ்ஸி கோல்மன் 1926 ஏப்ரல் 30 அன்று ஃபுளோரிடாவில் இறந்தார். மறுநாள் காட்சியில் பாராசூட்டில் குதிக்க வேண்டிய இடத்தை எட்டிப் பார்க்க வசதியாக அவர் பெல்ட் போடாமல் இருந்தார். விமானத்துக்குள் கிடந்த ஒரு ஸ்பேனர் உருண்டுபோய்க் கட்டுப்பாட்டுப் பகுதியில் சிக்கியது. விமானம் குப்புறத் திரும்ப, அவர் வெளியே தூக்கி எறியப்பட்டார்.

அதுவரை அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான விமானச் சட்டம் என்று ஒன்றும் இல்லை. கையில் பணம் இருந்தால் விமானம் வாங்கலாம், பறக்கலாம், அடுத்தவரையும் ஏற்றிக்கொண்டு போகலாம். கோல்மன் இறந்து மூன்று வாரத்தில், 1926 மே 20 அன்று, ஏர் காமர்ஸ் சட்டம் வந்தது. விமானிக்கு உரிமம், விமானத்துக்குச் சோதனை என்று இரண்டும் கட்டாயமாயின. முதல் எண் கொண்ட உரிமத்தை ஆர்வில் ரைட்டுக்குக் கொடுக்க முன்வந்தார்கள். தான் இப்போது பறப்பதில்லை என்று அவர் மறுத்துவிட்டார்.

யாரும் ஓட்டக்கூடிய விமானம்

சட்டம் வந்தாயிற்று. அடுத்த கனவு, காரைப் போல வீட்டுக்கொரு விமானம். 1933-ல் அரசின் விமானத் துறைக்குத் தலைமை வகித்த யூஜின் விடால் 700 டாலரில் ஒரு விமானம் வேண்டும் என்றார். மக்கள் ஏன் வாங்கத் தயங்குகிறார்கள்? பயம். பயத்தைப் போக்கப் பொறியாளர்கள் இயந்திரத்தைத் திருத்த இறங்கினார்கள்.

அன்றைய விபத்துகளில் பயங்கரமான ஒன்று 'ஸ்பின்'. வேகம் குறைந்து, மூக்கு அதிகமாகத் தூக்கிவிட்டால் இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். அந்த நேரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால் விமானம் பம்பரம் போலச் சுழன்று விழும். ஃபிரெட் வீக் என்ற பொறியாளர், சுழலவே முடியாத ஒரு விமானத்தை வடிவமைத்தார். அதுதான் 1940-ல் அனுமதி பெற்ற 'எர்கூப்'. காலால் மிதிக்கும் ரட்டர் பெடல்கள் இல்லை, கார் மாதிரி ஒரு சக்கரத்தைத் திருப்பினால் போதும். மூக்கை ஓர் அளவுக்கு மேல் தூக்கவே முடியாதபடி கட்டுப்படுத்தி வைத்திருந்தார். போர் முடிந்த சமயத்தில் மேசிஸ் என்ற பெரிய கடையில் சோபா, கட்டிலோடு எர்கூப்பையும் வைத்து விற்றார்கள்!

1946-ல் அமெரிக்கத் தொழிற்சாலைகள் 30,000-க்கும் மேற்பட்ட சிறு விமானங்களைத் தயாரித்துத் தள்ளின. அடுத்த வருடமே அது பாதிக்கும் கீழாகச் சரிந்தது. காரணங்கள் பல. விலை, பராமரிப்புச் செலவு, இறங்கிய இடத்திலிருந்து ஊருக்குள் போக வண்டி இல்லாதது. இவற்றோடு ஒரு கசப்பான உண்மையும் தெரிய வந்தது. சுழலாத விமானத்தையும் மேகத்துக்குள் ஓட்டிப் போகலாம். மலையில் மோதலாம். எரிபொருள் தீரும்வரை பறக்கலாம். இவற்றைத் தடுக்கும் பெடல் எதுவும் கிடையாது.

178 விநாடிகள்

1954-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. உரிமம் பெற்ற, ஆனால் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை ஒரு பீச்கிராஃப்ட் பொனான்சா விமானத்தில் ஏற்றினார்கள். பக்கத்தில் பயிற்றுநர் இருந்தார். வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்து, மேகத்துக்குள் நுழைந்துவிட்டதைப் போன்ற நிலைமையை உண்டாக்கினார்கள். என்ன ஆகிறது பார்ப்போம் என்று விட்டார்கள்.

20 பேரில் 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சிலருக்கு 20 விநாடி, சிலருக்கு 8 நிமிடம். சராசரி 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை.

காரணம் நம் காதுக்குள் இருக்கிறது. உட்செவியில் உள்ள திரவம்தான் உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்கிறது. ஆனால் மெதுவாக, சீராகச் சாய்ந்தால் அந்தத் திரவத்துக்குத் தெரியாது. கண்ணுக்கு அடிவானம் தெரியும்வரை பிரச்சினை இல்லை. அடிவானம் மறைந்ததும் உடம்பு பொய் சொல்ல ஆரம்பிக்கிறது. விமானம் ஒரு பக்கம் சாய்ந்து திரும்பிக்கொண்டே கீழே இறங்கும். விமானிக்கோ நேராகப் போவதாகவே தோன்றும். உயரம் குறைகிறதே என்று பதறி மூக்கைத் தூக்க இழுப்பார். சாய்ந்த நிலையில் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும், அவ்வளவுதான். இதற்கு விமானிகள் வைத்திருக்கும் பெயரே 'கல்லறைச் சுழல்'.

சோதனையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். அதே ஆட்களுக்குச் சில மணி நேரம் பயிற்சி கொடுத்து, கருவிகளை நம்பி மெதுவாகத் திரும்பி வெளியே வருவது எப்படி என்று கற்றுக்கொடுத்த பிறகு, கிட்டத்தட்ட எல்லா முயற்சிகளிலும் தப்பினார்கள். விமானம் அதேதான். மாறியது ஆள்தான்.

ஆனாலும் மேகங்களுக்குள் நுழைவது நிற்கவில்லை. 1959 பிப்ரவரி 3 நள்ளிரவுக்குப் பிறகு, பனிக்காலத்தில், அயோவா மாநிலத்தின் கிளியர் லேக்கிலிருந்து பட்டி ஹாலி, ரிச்சி வாலென்ஸ், ஜே.பி. ரிச்சர்ட்சன் ஆகிய மூன்று பாடகர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய வாடகை பொனான்சா சில நிமிடங்களில் வயலில் மோதியது. விமானிக்கு 21 வயது. கருவிகளை வைத்து ஓட்டும் தகுதி இல்லை. 1963 மார்ச் 5 அன்று பாடகி பாட்ஸி கிளைன் டென்னஸியில் இதே போல இறந்தார். ஓட்டியவர் அவருடைய மேனேஜர். அவருக்கும் அந்தத் தகுதி இல்லை. வழியில் இறங்கிய இடத்தில், வானிலை சரியில்லை, இரவு தங்கிவிட்டுப் போங்கள் என்று சொல்லியும் கிளம்பினார். இரண்டு விமானங்களிலும் இன்ஜின் கடைசிவரை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

யாருக்கு எவ்வளவு பயம்?

1969-ல் சான்சி ஸ்டார் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரை எழுதினார். தானாக விரும்பிச் செய்யும் காரியத்தில், பிறர் தம்மேல் திணிக்கும் ஆபத்தைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஆபத்தை மனிதர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் கணக்கு. வேட்டை, பனிச்சறுக்கு ஆகியவற்றோடு தனியார் விமானம் ஓட்டுவதையும் அவர் 'விரும்பி ஏற்கும்' பட்டியலில் சேர்த்திருந்தார்.

சில ஆண்டுகள் கழித்து பால் ஸ்லோவிக்கும் அவருடைய சகாக்களும் 30 காரியங்களைக் கொடுத்து, எது அதிக ஆபத்து என்று வரிசைப்படுத்தச் சொன்னார்கள். பெண் வாக்காளர் சங்க உறுப்பினர்கள் தனியார் விமானத்துக்கு 7-ஆம் இடம் கொடுத்தார்கள். அபாயத்தைக் கணக்கிடும் நிபுணர்கள் கொடுத்தது 12-ஆம் இடம். கல்லூரி மாணவர்கள் கொடுத்தது 15-ஆம் இடம்! அதே பட்டியலில் அணுமின் நிலையத்துக்கு மாணவர்களும் வாக்காளர்களும் முதலிடம் கொடுக்க, நிபுணர்கள் 20-ஆம் இடம் கொடுத்திருந்தார்கள். தன் கையில் கட்டுப்பாடு இருப்பதாகத் தோன்றினால் பயம் குறையும், முகம் தெரியாத ஒருவர் கையில் இருந்தால் பயம் கூடும் என்பது இந்த வகை ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சிறு விமானத்தில் கட்டுப்பாடு யார் கையில்? விமானி கையில். பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவியோ நண்பனோ ஏறுவதற்கு மட்டும்தான் சம்மதித்தார்கள். மேகத்துக்குள் போகலாமா, இருட்டில் போகலாமா என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. விமானிக்கு அது 'விரும்பி ஏற்ற ஆபத்து'. பக்கத்தில் இருப்பவருக்கு அது என்ன?

1980-களில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளின் முடிவெடுக்கும் முறையையே பாடமாக்கியது. ஆபத்தான ஐந்து மனப்பான்மைகள் என்று பட்டியல் போட்டார்கள். அதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

1. அடங்காமை – "எனக்கு யார் சொல்வது?"
2. அவசரம் – "ஏதாவது செய், உடனே செய்."
3. அசட்டு நம்பிக்கை – "எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது."
4. வீராப்பு – "முடியுமா முடியாதா பார்."
5. விரக்தி – "இனி என் கையில் என்ன இருக்கிறது?"

விமானப் பாடம் என்பதையே மறந்துவிட்டுப் படித்தாலும் பொருந்துகிறது, இல்லையா? பைக் ஓட்டுபவர்களுக்கும் இதே ஐந்துதான்.

ஏழு வயதுச் சிறுமி

1996 ஏப்ரல் 10. ஜெசிகா டுப்ரோஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி, தன் அப்பாவோடும் பயிற்றுநரோடும் கலிஃபோர்னியாவிலிருந்து செஸ்னா 177 விமானத்தில் கிளம்பினாள். அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்து திரும்பும் 'மிக இளைய விமானி' ஆவது திட்டம். போகும் இடமெல்லாம் தொலைக்காட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். மறுநாள் காலை வயோமிங் மாநிலத்தின் ஷையேன் நகரில், இடியும் மழையும் நெருங்கிக்கொண்டிருந்தபோது கிளம்பினார்கள். மேலே ஏறிய சிறிது நேரத்தில் விமானம் தாங்கும் சக்தியை இழந்து ஒரு தெருவில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள்.

"குழந்தையிடம் போய் விமானத்தைக் கொடுத்தார்களே!" என்று நாடே கொதித்தது. அதே வருடம் சட்டமும் வந்தது. உரிமம் இல்லாதவர் சாதனைக்காக விமானத்தை இயக்கக் கூடாது என்றார்கள். கோபம் நியாயமானது, சட்டமும் தேவையானதுதான். ஆனால் விபத்தை ஆராய்ந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வேறொன்றைச் சொன்னது. அந்த நேரத்தில் ஓட்டியவர் பயிற்றுநர்தான். அனுபவம் உள்ள பெரியவர்தான், மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில், அனுமதித்ததைவிடக் கூடுதல் எடையோடு, காற்று அடர்த்தி குறைந்த உயரமான ஊரிலிருந்து கிளம்ப முடிவெடுத்தார். ஏன்? பயண அட்டவணை இறுக்கமானது. அந்த இறுக்கத்துக்கு ஊடகங்களிடம் ஒப்புக்கொண்ட நேரங்களும் ஒரு காரணம் என்று வாரியம் எழுதியது.

லிங்கன் பீச்சிக்குக் கீழே நின்ற கூட்டம் இப்போது கேமராவுக்குப் பின்னால் நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை

1999 ஜூலை 16 அன்று ஜான் எஃப். கென்னடி ஜூனியர் தன் பைப்பர் சரடோகா விமானத்தில், மனைவி கரோலினையும் மனைவியின் அக்கா லாரனையும் ஏற்றிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பினார். மார்த்தாஸ் வினியார்ட் தீவில் லாரனை இறக்கிவிட்டு, உறவினர் திருமணத்துக்குப் போக வேண்டும். கிளம்பும்போது இரவு 8.38. கடல் மேல் மங்கலான புகைமூட்டம், அடிவானம் தெரியாத இருட்டு. சுமார் ஒரு மணி நேரம் கழித்து விமானம் சுழன்றபடி கடலில் பாய்ந்தது.

அவருக்கு மொத்தம் 310 மணி நேரம் போலப் பறந்த அனுபவம். கருவிகளை வைத்து ஓட்டும் தகுதி இன்னும் பெறவில்லை. ஒரு பயிற்றுநர் கூட வருவதாகச் சொன்னபோது, தனியாகவே போக விரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். விமானத்தில் கோளாறு எதுவும் கிடைக்கவில்லை. இருட்டிலும் மூட்டத்திலும் திசையுணர்வு தடுமாறிக் கட்டுப்பாட்டை இழந்தார் என்பதே 2000-ல் வந்த விசாரணை முடிவு. அதாவது 1954-ல் இல்லினாயில் கண்டுபிடித்த அதே விஷயம்.

செய்திகளில் 'கென்னடி குடும்பத்தின் சாபம்' என்றார்கள். சாபம் என்றால் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர் அன்று எந்த விதியையும் மீறவில்லை. கருவித் தகுதி இல்லாதவரும் அந்த அளவு வெளிச்சத்தில் பறக்கச் சட்டம் அனுமதித்தது. சாகசம் எதுவும் செய்யவில்லை. அவர் காட்டியது வீராப்புக்கூட இல்லை. தாமதமாகிவிட்டது, எல்லோரும் காத்திருக்கிறார்கள், வழி தெரிந்ததுதான், போய்விடலாம். இவ்வளவுதான். 'ஆபத்தான விமானி' என்றதும் மனதில் வரும் படம் வேறு. உண்மையில் பலர் இறப்பது இப்படிச் சாதாரணமாகத்தான்.

பாராசூட் வந்தது

1985-ல் ஆலன் கிளாப்மையர் என்ற விமானி நடுவானில் இன்னொரு விமானத்தோடு மோதினார். அவர் பிழைத்தார், மற்ற விமானி இறந்தார். விமானத்துக்கே ஒரு பாராசூட் இருந்தால் என்ன என்ற எண்ணம் அவரை விடவில்லை. அவரும் தம்பியும் தொடங்கிய சிரஸ் நிறுவனம் 1998-ல் எஸ்.ஆர்.20 விமானத்துக்கு அனுமதி பெற்றது. கூரையில் உள்ள கைப்பிடியை இழுத்தால் மொத்த விமானமும் பாராசூட்டில் தொங்கியபடி இறங்கும். 2002 அக்டோபரில் டெக்சாஸில் ஒரு விமானி முதன்முதலாக இதை இழுத்து உயிர் பிழைத்தார். இதுவரை 200-க்கும் மேற்பட்டவர்களை இது காப்பாற்றியிருக்கிறது.

அப்படியானால் சிரஸ் விமானங்களில் சாவு குறைந்திருக்க வேண்டும். முதல் பத்தாண்டுகளில் குறையவில்லை! மற்ற சிறு விமானங்களைவிடக் கொஞ்சம் மோசமாகவே இருந்தது. பல விபத்துகளில் கைப்பிடியை யாரும் இழுக்கவே இல்லை. பாராசூட் இருக்கிறது என்ற தைரியத்தில் போகக் கூடாத வானிலையில் போகிறார்கள், ஆனால் இழுக்க வேண்டிய நேரத்தில் "சமாளித்துவிடலாம்" என்று காத்திருக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

நியூ யார்க் யாங்கீஸ் அணியின் பேஸ்பால் வீரர் கோரி லைடில் 2006-ல் ஒரு பத்திரிகைப் பேட்டியில், தன் விமானத்தில் பாராசூட் இருப்பதை நம்பிக்கையோடு குறிப்பிட்டார். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 11 அன்று, அவரும் பயிற்றுநரும் சென்ற எஸ்.ஆர்.20 மன்ஹாட்டனில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் மோதியது. 2001 செப்டம்பர் நினைவில் நகரமே நடுங்கியது, போர் விமானங்கள் கிளம்பின. விசாரணையில் தெரிந்ததோ எளிமையான விஷயம். ஈஸ்ட் ரிவர் ஆற்றின் மேல் ஒடுக்கமான வழியில் போய், யு-டர்ன் அடிக்க வேண்டியிருந்தது. ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டித் தொடங்கியிருந்தால் இடம் போதுமானதாக இருந்திருக்கும். நடுவிலிருந்து தொடங்கினார்கள், கிழக்கிலிருந்து அடித்த காற்று கட்டடங்களை நோக்கித் தள்ளியது. அந்தத் திருப்பத்தின் நடுவே எந்தப் பாராசூட் என்ன செய்யும்?

சிரஸ் கதை இதோடு முடியவில்லை. உரிமையாளர் சங்கமும் நிறுவனமும் பயிற்சியை மாற்றின. பாராசூட்டைக் கடைசி வழியாக அல்ல, முதலில் நினைவுக்கு வர வேண்டிய வழியாகச் சொல்லிக்கொடுத்தன. "இந்த நிலைமை வந்தால் யோசிக்காதே, இழு" என்று தரையிலேயே முடிவெடுக்கப் பழக்கின. 2010-களின் நடுப்பகுதிக்குள் உயிரிழப்பு வெகுவாகக் குறைந்தது. பாராசூட் அதேதான், ஆள்தான் மாறினார். 1954 சோதனையின் மறுபாதியைப் போலவே.

மறுபடியும் கூட்டம்

2021 நவம்பர் 24 அன்று கலிஃபோர்னியாவில் ட்ரெவர் ஜேக்கப் என்ற யூடியூபர் ஒரு பழைய டெய்லர்கிராஃப்ட் விமானத்தில் பறந்தார். நடுவானில் இன்ஜின் நின்றுவிட்டதாகக் காட்டி, செல்ஃபி ஸ்டிக்கோடு பாராசூட்டில் குதித்தார். ஆளில்லாத விமானம் மலைக்காட்டில் விழுந்தது. வீடியோவை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். பொதுமக்களில் பலர் பரிதாபப்பட்டார்கள். விமானிகளோ உடனே சந்தேகப்பட்டார்கள். வழக்கமாக யாரும் முதுகில் பாராசூட் மாட்டிக்கொண்டு பறப்பதில்லை, இன்ஜின் நின்றால் யாரும் குதிப்பதும் இல்லை. சிறு விமானம் மிதந்தே இறங்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து செஸ்னா 172 ஏறத்தாழ 9 கிலோமீட்டர் போகும். வயலோ சாலையோ தேடி இறங்குவதைத்தான் ஒவ்வொரு மாணவரும் கற்கிறார். அப்படி இறங்குபவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவும் செய்கிறார்கள்.

அவருடைய உரிமம் பறிக்கப்பட்டது. விமானத்தின் மிச்சத்தை வெட்டி அழித்து விசாரணையைத் தடுத்ததற்காக 2023 டிசம்பரில் ஆறு மாதச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. அந்தப் பொய் எப்படி எடுபட்டது என்று யோசித்துப் பாருங்கள். "இன்ஜின் நின்றால் கல் மாதிரி விழும்" என்று ஜனங்கள் நம்புவதால்தான். நூறு வருடம் கழித்தும் அதே தவறான பயம், அதே கூட்டம்.

சிறு விமானங்களின் வரலாறு முழுக்க ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறது. ஒரு விபத்து நடக்கும், மக்கள் பயப்படுவார்கள், புதிதாக ஒரு சட்டமோ கருவியோ வரும். இவற்றால் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. இறக்கைகள் முறிவது இன்று அரிது, ஸ்பேனர்கள் சிக்குவதும் இன்று அரிது. இயந்திரம் எவ்வளவுக்கு எவ்வளவு நல்லதாயிற்றோ, அவ்வளவுக்கு அவ்வளவு மிச்சமிருக்கும் ஆபத்து மனிதன் பக்கம் ஒதுங்கியது. இன்று அமெரிக்காவில் நடக்கும் சிறு விமான விபத்துகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று விமானியின் செயலோடு தொடர்புடையவை. "நான் கவனமானவன்" என்று எல்லா விமானிகளும்தான் சொல்கிறார்கள். சராசரி விமானியைவிடத் தமக்கு ஆபத்து குறைவு என்று பெரும்பாலானோர் நினைப்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எல்லோரும் சராசரிக்கு மேல் இருக்க முடியாது.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. இன்ஜின் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் முடிவுகளை முன்கூட்டியே எடுத்துவைக்க முடியும். எந்த வானிலை என்றால் கிளம்புவதில்லை, எத்தனை மணிக்கு மேல் போவதில்லை, எந்த இடத்தில் திரும்பிவிடுவது என்று தரையில் நிற்கும்போதே முடிவு செய்யலாம். ஆகவே, என்றாவது ஒரு நாள் நண்பர் ஒருவர் தன் சிறு விமானத்தில் ஏறச் சொன்னால், "விமானம் நல்லதா?" என்று கேட்பதில் பெரிய பயனில்லை. "எந்த நிலைமையில் திரும்பி வந்துவிடுவாய்?" என்று கேட்க வேண்டும். தயங்காமல் பதில் சொன்னால் ஏறலாம். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால், அன்றைக்குப் பேருந்தில் போவதே நல்லது.